மின்மினியும் உணவுச் சோதனையும்

கம்போங் குவாந்தானில் இரவு நேரத்தில் படகேறிப் போனவர்கள், சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்கள் முழுவதும் மின்மினிகள் ஒன்றுபோல மின்னி அணைவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூச்சியின் வெளிச்சத்துக்கும் நாம் உண்ணும் உணவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைச் சொல்வதற்கு முன் நம் அடுப்படிக்கு வருவோம்.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இறாலுக்கும் நண்டுக்கும் குறைவில்லை. பெலாச்சான் சேர்த்து அரைத்த சம்பலும் நம் தோட்டத்து வீடுகளுக்குப் பழக்கமானதுதான். எல்லோரும் ஒரே சம்பலைத்தான் சாப்பிடுகிறோம். ஆனால் ஒரு பிள்ளைக்கு மட்டும் உதடு வீங்குகிறது. உடம்பெல்லாம் தடிப்பு எழும்புகிறது. "சூட்டு உடம்பு" என்கிறார் பாட்டி. "சாப்பிட மனமில்லாமல் நடிக்கிறான்" என்கிறார் அப்பா. "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்கிறார் பக்கத்து வீட்டு அக்காள். இந்த மூன்று பேச்சையும் நம்பக் கூடாது. மூன்றாவது பேச்சைக் கேட்டு நடந்தால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

இதற்குப் பெயர் உணவு ஒவ்வாமை. நம் உடம்பில் நோய்க் கிருமிகளை எதிர்க்கும் காவல் படை ஒன்று இருக்கிறது. சிலருக்கு அந்தப் படை, தீங்கற்ற உணவுப் புரதத்தையும் பகைவன் என்று எண்ணித் தாக்குகிறது. இறாலிலும் நண்டிலும் உள்ள 'துரோப்போமயோசின்' என்ற தசைப் புரதம் அவ்வாறு தாக்கப்படுவதில் முதன்மையானது. சமைக்கும் சூட்டில் இது எளிதில் கெடுவதில்லை. ஆகவே, "நன்றாக வேகவைத்தேனே" என்று ஆறுதல் கொள்வதில் பயனில்லை. பெலாச்சானில் இறாலின் உருவம் தெரியாது. ஆனால் அது கூனி இறாலில் செய்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

எந்தப் புரதம் குற்றவாளி என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கோலாலம்பூரில் 1900-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், நம் நாட்டு இறாலையும் நண்டையும் எடுத்து, அவற்றின் புரதங்களைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். ஒவ்வாமை உள்ளவர்களின் இரத்தத்திலிருந்து எடுத்த நீரை அவற்றின்மேல் விட்டு, எந்தப் புரதத்தோடு அது போய் ஒட்டிக்கொள்கிறது என்று கவனித்தார்கள்.

உணவில் அந்தப் புரதம் கலந்திருக்கிறதா என்று பார்க்க 'எலைசா' என்ற சோதனை உதவுகிறது. 1971-இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் இம்முறையை வெளியிட்டனர். சிறு சிறு குழிகள் உள்ள ஒரு தட்டு. குழிகளின் சுவரில் இறால் புரதத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளைப் பூசியிருப்பார்கள். உணவைக் கரைத்து ஊற்றினால், இறால் புரதம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். மற்றவை கழுவிப் போய்விடும். பிறகு சேர்க்கும் மருந்துகளால் நிறம் தோன்றும். நிறம் கூடினால் புரதமும் கூடுதல். பத்து இலட்சத்தில் சில பங்கு இருந்தாலும் அகப்பட்டுவிடும். 25 கிலோ அரிசி மூட்டையில் ஒரே ஒரு மணி, ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்கு!

இனி மின்மினிக்கு வருவோம். உயிருள்ள எல்லாவற்றின் அணுக்களிலும் ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற பொருள் உண்டு. மின்மினியின் ஒளிக்கும் இது தேவை என்று 1947-இல் அமெரிக்க விஞ்ஞானி மெக்எல்ராய் காட்டினார். இதைப் பயன்படுத்தி, உணவுத் தொழிற்சாலைகளில் கழுவிய இயந்திரத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, மின்மினியின் ஒளியூக்கியோடு சேர்க்கிறார்கள். உணவு மிச்சம் இருந்தால் ஒளி உண்டாகும். கருவி சில விநாடிகளில் அதை அளந்துவிடும். இதற்காக இன்று மின்மினிகளைப் பிடிக்க வேண்டியதில்லை. அந்த ஒளியூக்கியை நுண்ணுயிர்களைக் கொண்டே தயாரிக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஒளி, "இயந்திரம் சுத்தமில்லை" என்று மட்டுமே சொல்லும். ஒட்டியிருப்பது இறாலா, மாவா என்று சொல்லாது. ஒளி தெரியவில்லை என்பதால் ஒவ்வாத புரதம் அறவே இல்லை என்றும் முடிவு கட்ட முடியாது. அதற்கு எலைசா போன்ற சோதனைதான் வேண்டும்.

ஆய்வுக்கூடம் நம் வீட்டுக்கு வராது. நாம் செய்யக்கூடியது என்ன? பிள்ளை எதைச் சாப்பிட்டான், எவ்வளவு நேரத்தில் தடிப்பு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுவோம். பொட்டலத்தில் 'ஊடாங்' என்றால் இறால், 'கெத்தாம்' என்றால் நண்டு, 'காச்சாங் தானா' என்றால் நிலக்கடலை என்று படித்துப் பார்த்து வாங்குவோம். சம்பல் எடுத்த கரண்டியை அந்தப் பிள்ளையின் தட்டில் போடாதிருப்போம். பள்ளி ஆசிரியரிடமும் சிற்றுண்டிச்சாலை நடத்துபவரிடமும் முன்கூட்டியே சொல்லி வைப்போம்.

மூச்சுத் திணறினாலோ, தொண்டை அடைத்தாலோ, மயக்கம் வந்தாலோ கைமருந்து தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். உடனே 999-ஐ அழைக்க வேண்டும். அந்நேரத்தில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. அது எவ்வளவு விரைவில் கிடைக்கிறதோ, அவ்வளவுக்குப் பிள்ளை பிழைப்பான்.