சில்லிற் படியும் கரிய தூசி

ஓடுகின்ற மோட்டார் வண்டியை நாம் நிறுத்தும்போது அதன் வேகம் எங்கே போகின்றது? இயற்கையிலே சக்தி அழிவதில்லை. ஓர் உருவம் விட்டு வேறோர் உருவம் எடுப்பதே அதன் இயல்பு. 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் சென்று நிற்குமாயின், அந்த ஒரு தடவையிற் பிறக்கும் வெப்பம் ஏறக்குறைய அரை லீற்றர் நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அவ்வளவு வெப்பமும் சில்லுகளின் உட்புறத்தே, பிறேக்கும் இரும்பும் உராயும் இடத்திலே தோன்றுகின்றது. உராயும் பொருள்கள் தேயாமல் இருப்பதில்லை. அவ்வாறு தேய்ந்து உதிர்வதே சில்லின்மேல் நாம் காணும் கரிய தூசி. இத்தூசி யாது, இதனால் வரும் கேடு யாது, கேடின்றி இதனை அகற்றும் வழி யாது என்பவற்றை இன்று நோக்குவோம்.

வன்னி நிலம் பெரும்பாலும் சமதரை. மலைநாட்டிற்போல ஏற்ற இறக்கங்கள் இங்கு இல்லை. ஆயினும் பிறேக்கிற்கு இங்கு வேலை குறைவென்று எண்ணிவிட முடியாது. வவுனியாவிலிருந்து ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி வழியாகக் கிளிநொச்சிக்குச் செல்லும் ஏ-9 வீதியிலும், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியிலும் இரவிலே வண்டி ஓட்டியவர்கள் இதனை நன்கு அறிவர். வெறுமையாகக் கிடக்கும் நேரான பாதை வேகத்தைத் தூண்டும். திடீரென நடு வீதியிலே மாடுகள் படுத்திருக்கும். அவ்விடத்திற் காலை ஊன்றி மிதிக்கும் ஒரு மிதியிலே உயிர் தங்கியிருக்கின்றது.

வன்னிக்குச் சிறப்பாக உரிய இன்னொரு நிலைமையும் உண்டு. சோளகக் காற்று வீசும் மாதங்களிற் கிரவற் பாதைகளிலிருந்து செம்மண் புழுதி எழுந்து யாவற்றையும் மூடுகின்றது. பிறேக் தூசியும் அச்செம்புழுதியோடு கலந்துவிடுவதால், கறுப்புத் தெரியாமற் சில்லு முழுவதும் செந்நிறமாகவே தோன்றும். இஃது ஊர்ப் புழுதிதானே என்று உலர்ந்த துணியால் தட்டித் துடைத்துவிடுகின்றோம். அதனால் இரு கேடுகள் நேர்கின்றன. புழுதியில் உள்ள மணல் கண்ணாடியிலும் கடினமானது. அது சில்லின் பூச்சைக் கீறுகின்றது. மற்றையது, தூசி துணியில் ஒட்டுவதிலும் பார்க்க மிகுதியாகக் காற்றில் எழுந்து, குனிந்திருப்பவரின் மூக்கினுட் செல்கின்றது.

இனி, தூசியின் உள்ளே இருப்பவற்றைப் பார்ப்போம். பெரும்பகுதி இரும்பு, டிஸ்க் அல்லது டிறம் தேய்ந்து வந்தது. அதனோடு பிறேக்கின் உராய்வுப் பகுதியிலிருந்து வரும் செம்பு, பேரியச் சேர்வை, அந்திமனிச் சேர்வை, பென்சிற்கரி, பிசின் முதலியன உள்ளன. துகள்களிற் பல 10 மைக்கிரோமீற்றரிலும் சிறியவை. மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்கிரோமீற்றர் என்றால் அவற்றின் நுண்மை விளங்கும். பெரிய துகளை மூக்கு மயிரும் சளியும் தடுத்து நிறுத்தும். நுண்ணிய துகளோ நுரையீரலின் ஆழம்வரை சென்று தங்கும்.

இவை யாவற்றிலும் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. அது கல்நார் எனப்படும் அஸ்பெஸ்ரஸ். நமது வீட்டுக் கூரைத் தகடுகள் பலவற்றில் உள்ள அதே பொருள். இது பிறேக்கினுள் வந்து சேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் டேர்பிஷயர் மலைப்பாங்கிலே குதிரை வண்டிகளை இறக்கத்தில் நிறுத்துவதற்கு ஏற்ற பொருளைத் தேடிய ஹேர்பேர்ட் புறூட் என்பவர் 1897 ஆம் ஆண்டு ‘பெரோடோ’ நிறுவனத்தைத் தொடங்கினார். முதலிற் பருத்தி நெசவைப் பசையில் ஊறவைத்துப் பயன்படுத்தினார். மோட்டார் வண்டியின் வெப்பத்தைப் பருத்தி தாங்கவில்லை. எனவே 1908 அளவிற் கல்நார் அவ்விடத்தைப் பிடித்தது. எரியாது, உருகாது, மலிவானது. இதனிலும் ஏற்ற பொருள் ஏது என்று உலகம் மகிழ்ந்தது. பின்னர்ப் பல பத்தாண்டுகளாகப் பிறேக் லைனிங்கின் ஏறக்குறைய பாதிப் பங்கு கல்நாராகவே இருந்து வந்தது.

எரியாத அக்குணமே உடலினுட் சென்றபோது பகையாயிற்று. நுரையீரலுட் புகுந்த நார் கரைவதும் அரிது, வெளிவருவதும் அரிது. நுரையீரல் இறுகுதல், நுரையீரற் புற்றுநோய், நுரையீரலைச் சூழ்ந்த சவ்விலே தோன்றும் மீசோதெலியோமா என்னும் புற்றுநோய் ஆகியவை இதனால் வருகின்றன. நார் உட்சென்ற அன்று இருமல்கூட வராது. நோய் தலைகாட்ட 20, 30, 40 ஆண்டுகளும் செல்லும். 1965 ஆம் ஆண்டு லண்டனில் நியூஹவுஸ், தொம்சன் என்னும் ஆய்வாளர் இருவர் மீசோதெலியோமா நோயாளர் 76 பேரின் வரலாற்றை ஆராய்ந்தனர். அவருள் 9 பேர் கல்நார்த் தொழிலில் ஒருபோதும் ஈடுபடாதவர்கள். அத்தொழில் செய்தவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். அவர்களிற் பெரும்பாலோர் செய்த வேலை, கணவன் முதலானோரின் வேலையுடுப்பைத் தோய்த்ததே. தொழிலாளியின் சட்டையிலேறி நஞ்சு வீட்டிற்கும் வந்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பிரித்தானியா 1999 இலும், அவுஸ்திரேலியா 2003 இன் முடிவிலும், ஐரோப்பிய ஒன்றியம் 2005 இலும் எல்லாவகைக் கல்நாரையும் விலக்கின. அமெரிக்க நாடு, வெள்ளைக் கல்நார் கலந்த பிறேக் உதிரிப் பாகங்களை விலக்கும் விதியை 2024 இலேயே பிறப்பித்தது.

ஈண்டு ஓர் உண்மையையும் மறைக்காது கூறுதல் வேண்டும். பிறேக்கின் கடும் வெப்பத்திலே கல்நாரின் பெரும்பகுதி வேறொரு கனிமமாக மாறிவிடுகின்றது. ஆதலால், தேய்ந்து விழும் தூசியில் எஞ்சியிருக்கும் நார் பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்கிலும் குறைவே. வீட்டிற் சில்லைக் கழுவுவோர் இதற்காக நடுங்க வேண்டியதில்லை. டிறம்மைத் திறந்து அதனுட் சேர்ந்த தூசியைக் காற்றால் ஊதுவோரும், புதிய லைனிங்கை அரத்தால் அராவிப் பொருத்துவோருமே மெய்யாகக் கவனிக்க வேண்டியவர்கள். புதிய லைனிங்கில் வெப்பத்தால் மாறாத முழு நார் இருக்கின்றது. இவ்வளவு மூச்சினுட் சென்றால் தீங்கில்லை என்று கூறத்தக்க எல்லை எதனையும் மருத்துவ அறிவு கண்டதுமில்லை.

வன்னியின் கராஜ்களிலே இந்தக் கவனம் மிகவும் வேண்டப்படுகின்றது. 1990 இற்குப் பிந்திய போர்க்காலத் தடைகளால் எரிபொருளும் உதிரிப் பாகங்களும் அரிதான வேளையில், மண்ணெண்ணெயிற் காரை ஓட்டியும், பழைய சூவிலே புதிய லைனிங்கை ஆணியடித்துப் பொருத்தியும், ஏ-40 போன்ற முதிய கார்களுக்கு மீண்டும் மீண்டும் உயிர்கொடுத்த கைகள் வடபகுதியின் கைகள். அத்திறமை போற்றத்தக்கது. போர் 2009 இல் முடிந்தபின் வண்டிகள் பெருகின. ஆயின் 2020 ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் உள்ள வண்டியையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியதாயிற்று. பழைய வண்டியினுள் எந்த நாட்டு லைனிங் இருக்கின்றது என்பதைக் கண்ணாற் பார்த்துக் கூற எவராலும் இயலாது. பெட்டியிலே ‘கல்நார் அற்றது’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குதல் நன்று. அவ்வாறு அறிய முடியாதவிடத்து, கல்நார் உண்டென்றே கொண்டு வேலை செய்தல் அறிவுடைமை.

அங்ஙனமாயின் செய்ய வேண்டியது யாது? அதனை ஒரு சொல்லில் அடக்கலாம்: ஈரம். உலர்ந்த நார் காற்றிலே பல மணி நேரம் மிதக்கும்; நனைந்த நார் விழுந்த இடத்திலே கிடக்கும். கொம்பிறசர்க் காற்றால் டிறம்மை ஊதும் பழக்கம் அடியோடு கைவிடத்தக்கது. உலர்ந்த தூரிகையும் ஆகாது. பலத்த நீர்ப்பாய்ச்சலும் ஆகாது, அதுவும் தூசியைச் சிதறடிக்கும். ஒரு சிறிய தெளிப்புப் போத்தலில் நீரும் சிறிது சவர்க்காரமும் கலந்துகொள்க. வண்டியை ஜாக்கினால் மட்டும் தூக்கி நம்பியிராமல், உறுதியான தாங்கியும் சில்லுக்குக் கட்டையும் வைத்துக்கொள்க. கீழே ஒரு தட்டத்தை வைத்து, டிறம்மைக் கழற்றுமுன் அதன் இடுக்கு வழியாகவும், கழற்றியபின் உட்புறம் முழுவதும் மெல்லத் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அத்துணியை உதறவோ உலரவிடவோ கூடாது; ஈரத்தோடு பொலித்தீன் பையிற் கட்டி, உள்ளிருப்பது இன்னதென்று கூறிக் குப்பை சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும். கல்நார் எரியாது, ஆதலின் நெருப்பிலிடுவதிற் பயனில்லை. மூக்கிலே கட்டும் கைக்குட்டை இந்நாரைத் தடுக்காது. வடிகட்டி பொருந்திய முகக்கவசமே உதவும். தேநீர் அருந்துமுன் கைகழுவுதலும், வேலையுடுப்பைக் கராஜிலேயே களைந்து முதலில் நீரில் அமிழ்த்தித் தனியே தோய்த்தலும் வீட்டாரைக் காக்கும்.

வீட்டிற் கழுவுவோர்க்கும் முறை இதுவே. ஓடிவந்த வண்டியை முதலில் ஆறவிடுக. சூடான டிஸ்க்கிற் குளிர்ந்த நீர் பட்டால் அது கோணக்கூடும். ஆறியபின், துணி தொடுமுன், வாளியால் நிறைய நீரை மெல்ல ஊற்றி மணலையும் தூசியையும் இறக்க வேண்டும். பிறகு சவர்க்கார நீரில் தோய்ந்த மென்மையான துணியால் துடைத்து அலம்புக. சில்லுக்கென ஒரு வாளி, உடற்பகுதிக்கென வேறொரு வாளி இருத்தல் நன்று. மாதக்கணக்கில் விட்டுவிட்டால் இரும்புத் துகள் துருவேறிப் பூச்சினுட் பதிந்துவிடும். அப்பால் எளிதிற் போகாது. ஆகவே அடிக்கடி மெல்லக் கழுவுதலே சிறந்தது. டிஸ்க்கிலோ லைனிங்கிலோ எண்ணெயும் மினுக்குப் பசையும் படலாகாது. கழுவி முடிந்ததும் சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று முறை பிறேக்கை மிதித்து உலர்த்திய பின்னரே வீதிக்கு ஏறுக.

கடைகளில் விற்கும் மருந்து நீர்களைப் பற்றியும் ஒரு சொல். சில்லுக் கழுவும் நீர் சிலவற்றில் ஐதரோபுளோரிக் அமிலமோ அதனைப் பிறப்பிக்கும் உப்போ கலந்திருப்பதுண்டு. அது தோலிற் பட்டவுடன் நோவு தெரியாமலே உள்ளே அரித்துச் செல்லும் கொடியது, வெறுங்கையால் தொடலாகாது. பிறேக் கழுவும் விசிறு திரவங்கள் சிலவற்றில் உள்ள எக்சேன் என்னும் கரைப்பான், 1999, 2000 ஆம் ஆண்டுகளிற் கலிபோர்னியாவின் கராஜ் தொழிலாளரிடையே கைகால் விறைக்கும் நரம்பு நோயை உண்டாக்கியது. குளோரீன் கலந்த திரவம் தெளித்த இடத்தில் உருக்கி ஒட்டும் வேலை செய்தால் பொஸ்ஜீன் என்னும் நச்சு வாயு தோன்றும். பெற்றோலாற் கழுவுவது தீயை அழைப்பதாகும். இவை யாவற்றிலும் நீரும் சவர்க்காரமுமே மலிவானவை, பாதுகாப்பானவையும் அவையே.

கழுவிய நீர் எங்கே செல்கின்றது என்பதையும் மறத்தலாகாது. வன்னி குளங்களின் நாடு. இரணைமடுவும் வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் அதன் வயல்களுக்கு உயிர் கொடுப்பவை. குளத்திலும் வாய்க்காலிலும் இறக்கி வண்டி கழுவினால், எண்ணெயும் செம்பும் இரும்பும் அந்நீரிலே சேர்கின்றன. செம்பு மிகச் சிறிய அளவிலேயே மீனினத்துக்குத் தீங்கானது. அதனாலேயே அமெரிக்காவின் வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் பிறேக்கிற் செம்பைக் குறைக்கும் சட்டங்களை 2010 இல் இயற்றின. கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, நீர் மண்ணிலே சுவறும் மேட்டுநிலத்திற் கழுவுவதே முறை.

புகைக்குழாயின் புகையை மட்டுமே அளந்துவந்த உலகம் இப்போது பிறேக்கின் தூசியையும் அளக்கத் தொடங்கியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் ஏற்ற ‘யூரோ 7’ விதி, எண்ணெயில் ஓடும் சாதாரணக் கார் ஒரு கிலோமீற்றர் ஓட்டத்தில் 7 மில்லிகிராமுக்கு மேல் பிறேக் தூசியை வெளிவிடலாகாது என்கின்றது. அவ்விதியின் பயன் நமது வீதிகளுக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் செல்லலாம். ஒரு போத்தல் சவர்க்கார நீருக்கோ எந்த விதியும் வேண்டியதில்லை. கராஜிலே தொழில் பழகும் பதினாறு, பதினேழு வயதுப் பையனிடமே டிறம் ஊதும் வேலை முதலில் விடப்படுகின்றது. அவன் இன்று இழுக்கும் மூச்சின் விளைவு, அவன் பேரப்பிள்ளை காணும் வயதில் வெளிப்படக்கூடும். அடுத்த முறை பிறேக் வேலைக்கு வண்டியைக் கொண்டுசெல்லும் நேயர்கள், “தம்பி, ஊதவேண்டாம், நனைத்துத் துடையுங்கள், நான் காத்திருக்கின்றேன்” என்று கூறுவார்களாக. அதனாற் செலவாவது காற்மணி நேரம்.