இது கஞ்சி இல்லை... காலைச் சாப்பாடு! பசி தாங்கும் ஓட்ஸ் கிண்ணம் செய்வது எப்படி?

"ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கு" என்று டாக்டர் சொன்ன மறுநாளே எங்கள் வீட்டுக்கு ஓட்ஸ் வந்துவிட்டது. இரண்டு ஸ்பூன் ஓட்ஸ், நிறைய தண்ணீர், மேலே கொஞ்சம் சர்க்கரை. காய்ச்சல் வந்தவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பார் அப்பா. 11 மணிக்கெல்லாம் பசி தாங்காமல், தெருமுனைக் கடையில் டீயும் இரண்டு வடையும் உள்ளே போகும். அப்புறம் ஓட்ஸ் சாப்பிட்டு என்ன பிரயோஜனம்?

தப்பு ஓட்ஸ் மேல் இல்லை, நாங்கள் செய்த விதத்தில்தான்!

எந்த ஓட்ஸ் வாங்கலாம்?

கடையில் பெரும்பாலும் மூன்று வகை கிடைக்கும். தானியத்தை இரண்டு மூன்றாக வெட்டியது 'ஸ்டீல் கட்'. இது வேக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். ஆவியில் வேகவைத்து அவல் போல் தட்டையாக்கியது 'ரோல்டு ஓட்ஸ்'. அதையே இன்னும் மெல்லியதாக்கியது 'இன்ஸ்டன்ட்'. எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவு சீக்கிரம் செரித்து சர்க்கரையை ஏற்றும். காலை அவசரத்துக்கும் உடம்புக்கும் நடுவே ரோல்டு ஓட்ஸ் சரியாக இருக்கும். மசாலா பாக்கெட் வாங்குபவர்கள், பின்பக்கம் உப்பு, சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்துதான் அதன் பலம். வெந்ததும் அந்தக் கொழகொழப்பு வருவது இதனால்தான். செரிமானத்தை மெதுவாக்கும், கெட்ட கொழுப்பைக் குறைக்கவும் உதவும்.

தேவையானவை (ஒருவருக்கு)

* ரோல்டு ஓட்ஸ் - அரை கப் (40 கிராம்)
* தண்ணீர் - 1 கப்
* பால் - அரை கப்
* உப்பு - ஒரு சிட்டிகை
* வறுத்த வேர்க்கடலை - ஒரு சிறு கைப்பிடி (20 கிராம்)
* ஆளி விதைப் பொடி - 1 டீஸ்பூன்
* கொய்யாத் துண்டுகள் அல்லது சிறிய வாழைப்பழத்தில் பாதி
* பட்டைத்தூள் - கால் டீஸ்பூன்

செய்முறை

வெறும் வாணலியில் ஓட்ஸை வாசனை வரும்வரை 2 நிமிடங்கள் வறுங்கள். தண்ணீர், உப்பு சேர்த்து சிறுதீயில் 5 நிமிடங்கள் வேகவிடுங்கள். பாலைக் கடைசியில் ஊற்றுங்கள். முதலிலேயே ஊற்றினால் அடிபிடிக்கும். கெட்டியானதும் இறக்கி, பட்டைத்தூள் தூவி, மற்றதையெல்லாம் மேலே போடுங்கள். ஆளி விதையை முழுசாகப் போட்டால் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். அதனால் பொடிதான் நல்லது.

ஓட்ஸ், பால், கடலை மூன்றும் சேர்ந்து சுமார் 14 கிராம் புரதம் தருகின்றன. பசியைத் தாங்கவைப்பது இதுதான். அப்பாவின் பழைய கிண்ணத்தில் இல்லாததும் இதுதான்.

இனிப்பு வேண்டாமா?

ஸ்காட்லாந்தில் காலங்காலமாக ஓட்ஸைத் தண்ணீரும் உப்பும் போட்டுத்தான் காய்ச்சுகிறார்கள். நம் கைப்பக்குவத்தில், கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி, சின்ன வெங்காயம் தாளித்து, தண்ணீரில் வேகவைத்து, மேலே ஒரு அவித்த முட்டையை வெட்டி வையுங்கள். இதற்குப் பால் தேவையில்லை.

கவனிக்க...

'வெல்லம், தேன் இயற்கைதானே' என்று தாராளமாகப் போடாதீர்கள். ரத்தத்துக்கு எல்லாம் சர்க்கரைதான். மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்ஸ் பிடிக்கவில்லையா? விட்டுவிடுங்கள். கம்பும் கேழ்வரகும் எங்கே போய்விட்டன?

அப்பாவுக்கு இந்தக் கிண்ணத்தைக் கொடுக்க ஆரம்பித்து மூன்று வாரங்கள் ஆகின்றன. அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கிறது; அதுவரை எதுவும் சொல்வதற்கில்லை. ஆனால், 11 மணி வடை நின்றுவிட்டது. நேற்று கிண்ணத்தை வழித்துவிட்டு அவர் சொன்னது: "நாளைக்குக் கடலை கொஞ்சம் கூடப் போடும்மா!"