ரைனியா கண்ட நீர்வழி

தாமிரபரணியின் முக்கூடல் படித்துறையில் நின்று மேற்கே நோக்குவார்க்குப் புலப்படும் பொதிகை மலைத்தொடரின் பாறைகள், நிலத்தில் செடி என்று சொல்லத்தக்க எதுவும் முளைப்பதற்கு முன்னரே பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியவை. ஆகவே ஆதிச் செடிகளின் சுவடுகளைத் தாமிரபரணிக் கரையில் தேடிப் பயனில்லை. அவை அகப்பட்ட இடம் ஸ்காட்லாந்து தேசத்திலுள்ள ரைனி என்னும் சிற்றூர். 1912-ம் வருஷத்தில் வில்லியம் மக்கி என்னும் வைத்தியர் அங்கே கண்டெடுத்த கற்களை மெல்லிய சீவல்களாக அறுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, 40 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்நீரூற்றுகளின் சிலிக்கா நீரில் அமிழ்ந்து கல்லாகிப்போன தண்டுகள், உயிரணுச் சுவர்களும் குலையாமல் அப்படியே இருந்தன. 1917-ல் கிட்ஸ்டன், லாங் என்ற இரு அறிஞர்கள் அச்செடிக்கு ரைனியா என்று நாமகரணம் செய்தார்கள்.

இலையில்லை, வேரில்லை, ஒரு சாண் உயரத்துக்கு மேற்படாத தண்டு கவட்டை கவட்டையாகப் பிரிந்து, நுனியில் வித்துத்தூள் நிறைந்த பையைத் தாங்கி நின்றது, அவ்வளவே. ஆயினும் அந்த எளிய தண்டுக்குள் நடந்திருக்கும் காரியம் அற்புதமானது. ஜலத்தில் வாழும் பாசி உடல் முழுவதாலும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். கரையேறிய செடிக்கோ அடியிலுள்ள ஈரத்தை நுனிக்கு ஏற்றவும், ஏற்றிய ஈரம் வெயிலில் வற்றாமல் காக்கவும் வேண்டிய இரட்டைச் சங்கடம் நேர்ந்தது. ரைனியா, தண்டின் மத்தியில் சுவர் தடித்த நீர்க்குழல்களைக் கொண்டு முதலாவதையும், மெழுகுத் தோலையும் அதிலுள்ள நுண்துளைகளையும் கொண்டு இரண்டாவதையும் தீர்த்துக்கொண்டது. ஆற்றுப் பாசனத்தில் விளையும் நம் நெற்பயிரும் இவ்விரண்டு உபாயங்களாலேதான் உயிர் தரிக்கிறது.

இந்தக் குழலை ஆராய்ச்சியாளர் எவ்வளவு நுணுக்கமாகக் கருதுகிறார்கள் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் உண்டு. ரைனியாவில் பெரிய இனம் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டிருந்த செடியின் நீர்க்குழல்களில் உட்சுவர்த் தடிப்பு இல்லையென்று டேவிட் எட்வர்ட்ஸ் என்பவர் எடுத்துக்காட்டி, 1986-ல் அதை அக்லாவோஃபைட்டன் என்ற தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார். வெளித்தோற்றத்தில் ஒத்திருந்தும், உள்ளே ஓடிய நீர்வழியின் பேதத்தால் அது அயலாயிற்று.

இதேபோல் தோற்றத்தால் மயக்கிய செடி நம் பக்கத்திலும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில், மரப்பொந்துகளிலும் பாறை இடுக்குகளிலும், சைலோட்டம் என்ற சிறுசெடி பச்சைத் துடைப்பக் குச்சிகளைப்போல் வேரின்றிக் கவடுவிட்டு வளர்வதைக் காணலாம். ரைனியாவின் வம்சம் இன்னும் உயிரோடிருக்கிறது என்று அதைக் கண்ட தாவர சாஸ்திரிகள் பலர் மகிழ்ந்ததுண்டு. பிற்கால மரபணு ஆராய்ச்சியோ, அது வேரையும் இலையையும் இழந்து எளிமைப்பட்ட பெரணிச் சுற்றத்தான் என்று காட்டிவிட்டது.