மலைநாட்டில் மோட்டார் சைக்கிள் பராமரிப்பு

பழனி மலைகளில் மேல்மலை என வழங்கும் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலிய ஊர்களிலும், கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளிலும் நமது அங்கத்தினர் மோட்டார் சைக்கிள் இன்றித் தொழில் நடத்துவது இன்று அரிது. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்த பிறகு சிறு விவசாயியின் வாயிலிலும் இயந்திர வண்டி வந்து நின்றது. மலைப்பூண்டு மூட்டையும் உரமும் பால் கேனும் அதன் முதுகில்தான் ஏறுகின்றன. ஆனால் பழுது பார்ப்பவர் பல சிற்றூர்களுக்கு வெகு தொலைவு. ஆகவே வாரந்தோறும் அரைமணி நேரம் வீட்டிலேயே வண்டியைக் கவனிப்பது அவசியமாகிறது.

முதலில் பிரேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. வத்தலக்குண்டு 1,000 அடிக்குச் சற்றே மேல். பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் பொருட்டு, இந்த இறக்கத்தில் சாவியை அணைத்து, நியூட்ரலில் வண்டியை உருளவிடுவோரைத் தணிக்கைப் பயணங்களில் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அப்பொழுது இயந்திரம் தன் பங்குக்கு வண்டியைத் தடுப்பதில்லை. பாரம் முழுவதையும் பிரேக் ஷூக்களே தாங்குகின்றன. டிரம் சூடேறி, லைனிங் பிடிப்பை இழக்கிறது. மேலும், சாவி அணைந்தால் ஹாரனும் ஒலிக்காது, பிரேக் விளக்கும் எரியாது. கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பஸ்காரருக்கு நாம் வருவது எப்படித் தெரியும்? மிச்சமாவது சிறிதளவு பெட்ரோல். பணயம் வைப்பதோ உயிர். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது பழைய டிரைவர்களின் விதி. கியர் மாற்ற வழியில்லாத மொபெட்டாயின், இடையிடையே நிறுத்தி டிரம்மை ஆறவிடுதல் நலம்.

ஷூ தேய்ந்ததை அறிய, பல வண்டிகளில் டிரம் மூடியின் மேல் ஒரு சிறு முள் உண்டு. பிரேக்கை அழுத்திப் பிடிக்கையில் அம்முள் எல்லைக் கோட்டைத் தாண்டினால் ஷூவை மாற்றியே தீர வேண்டும். நட்டைத் திருகிச் சரிக்கட்டுவது போதாது. டிரம்மில் சேரும் தூசியை வாயால் ஊதலாகாது; பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைப்பதே சரி.

அடுத்தது செயின். நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாவை மிக இழுத்துக் கட்டினால் இழை அறும். தொய்யவிட்டால் நெசவு கெடும். செயினின் கீழ்ப்பகுதி நடுவில் பெரும்பாலான வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆட்டம் வேண்டும். சரியான அளவு வண்டியின் கைப்புத்தகத்தில் இருக்கும். மூட்டை ஏறியதும் பின்பக்கம் அமிழ்ந்து செயின் இறுகும் என்பதால், முறுக்கி வைப்பது பெருந்தவறு. இருபுறக் குறிகளும் சமமாக நிற்கும்படி அச்சை நகர்த்த வேண்டும். சக்கரம் பின்னே நகர்ந்தால் பின் பிரேக்கின் அளவும் மாறிவிடுவதால், அதையும் உடனே சரிபார்க்க வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் செயின் விரைவில் துருப்பிடிக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, 90-ஆம் எண் கியர் ஆயில் இடலாம். இயந்திரத்திலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை இடுவது சிக்கனமன்று. அதிலுள்ள உலோகத்தூள் செயினை அரைக்கும்.

மலை உச்சியில் காற்றின் அடர்த்தி சமவெளியில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. சமவெளியில் சரிசெய்த பழைய கார்புரேட்டர் வண்டி இங்கே பெட்ரோலை மிகுதியாகக் குடித்து, ஸ்பார்க் பிளக்கில் கரி படிய விடுகிறது. காற்று வடிகட்டியும் அடைத்திருந்தால் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பாஞ்சு வடிகட்டியைக் கழுவலாம். காகித வடிகட்டியைக் கழுவலாகாது. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோலைப் பீய்ச்சும் மின்னணு அமைப்பே உள்ளது. உயரத்திற்கேற்ப அது தானே அளவை மாற்றிக்கொள்ளும். அதில் கை வைக்காமல் மெக்கானிக்கிடம் விடுவதே முறை.

எஞ்சின் ஆயிலைச் சமதரையில் வண்டியை நிமிர்த்தி நிறுத்தியே பார்க்க வேண்டும். மலை வீட்டு வாசல்கள் சரிவானவை. காபி உலர்த்தும் களம் இதற்கு ஏற்றது. டயரின் காற்றை, வண்டி ஓடிச் சூடாகுமுன், காலையிலேயே அளப்பது சரியான கணக்கைத் தரும்.