தொலைநிலைக் கல்வி: ஆசிரியர், மாணவர் மனப்பான்மைகள் - கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியை முன்வைத்து

முன்னுரை

தொலைநிலைக் கல்வியில் ‘தொலைவு’ என்னும் சொல் பெரும்பாலும் இடத்தையே சுட்டுவதாகக் கொள்ளப்படுகிறது. ஆசிரியரும் மாணவரும் அத்தொலைவை வேறுவேறாக உணர்வதே அக்கல்வி குறித்த அவர்தம் மனப்பான்மைகள் மாறுபடக் காரணமாகிறது. இதனை விளக்குவதாக இக்கட்டுரை அமைகிறது.

மாணவர் நோக்கு

இந்தியாவில் அஞ்சல்வழிக் கல்வி 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தமிழகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் இக்கல்வியைத் தொடங்கின. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் நிறுவப்பட்டது. கும்மிடிப்பூண்டிக்குச் சென்னையிலிருந்து புறநகர் மின்தொடர்வண்டி உண்டு. அண்மையில் பொன்னேரியில் அரசு கல்லூரியும் உண்டு. எனினும் சிப்காட் ஆலைகளில் ஷிப்டு முறையில் பணிபுரிவோர்க்கு வேலைநேரம் மாறிக்கொண்டிருப்பதால், நாள்தோறும் குறித்த நேரத்தில் நிகழும் வகுப்பு எட்டாததாகிறது. இங்குத் தொலைவு என்பது இடம் அன்று, காலம். ஆதலின் தொலைநிலைக் கல்வியை அவர்கள் தம் நேரத்திற்கு இசையும் வாய்ப்பாகவே கருத இடமுண்டு.

ஆசிரியர் நோக்கு

செருமானிய அறிஞர் ஓட்டோ பீட்டர்ஸ் 1967-இல் தொலைநிலைக் கல்வியைத் தொழில்மயமான கற்பித்தல் வடிவம் என விளக்கினார். ஆலையிற்போல இங்கும் வேலைப்பகுப்பு உண்டு. பாடம் எழுதுபவர் ஒருவர். நேர்முக வகுப்பு நடத்துபவர் மற்றொருவர். விடைத்தாள் திருத்துபவர் வேறொருவர். மாணவரை முழுமையாக அறிந்த ஆசிரியர் எவரும் இலராகலாம். யாப்பிலக்கண வகுப்பில் நிரையசையைப் பிழைபடப் பிரிக்கும் மாணவர் அப்பொழுதே திருத்தப்படுகிறார். தொலைநிலை மாணவரோ அப்பிழையைத் தேர்வுவரை சுமக்கக்கூடும். ஆசிரியரின் தயக்கத்தை வெறும் மேட்டிமை எனத் தள்ளுதல் பொருந்தாது.

சமன்மையும் உரையாடலும்

உரிய ஏற்பு பெற்ற தொலைநிலைப் பட்டங்கள் நேரடி முறைப் பட்டங்களுக்கு நிகரானவை எனப் பல்கலைக்கழக மானியக்குழு 2022 செப்டம்பரில் அறிவித்தது. இது சான்றிதழின் மதிப்பைக் காக்கிறது. கற்றலின் இடைவெளியை நிரப்புவதில்லை. மைக்கேல் மூரின் கோட்பாட்டின்படி, தொலைவு என்பது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடையிலான புரிதல் இடைவெளி; உரையாடல் மிகுந்தால் அது குறையும். ஒப்படைப்பு வெறும் மதிப்பெண்ணோடு திரும்பினால் உரையாடல் நிகழவில்லை. பிழையின் காரணம் சுட்டும் குறிப்போடு திரும்பினால் நிகழ்கிறது.

முடிவுரை

மாணவர் வேண்டுவது நேர நெகிழ்வு. ஆசிரியர் அஞ்சுவது உரையாடலின் இழப்பு. இவை ஒன்றற்கொன்று முரணல்ல. ஷிப்டுக்கு ஏற்ப மாற்றுநாள் நேர்முக வகுப்பும் ஒப்படைப்பில் ஆசிரியர் எழுதும் விளக்கக் குறிப்பும் அமையின், இரு மனப்பான்மைகளும் ஒரு புள்ளியில் சந்திக்க இயலும்.