டிராப்கேம் கையகப்படுத்தல்

டிராப்கேம் கையகப்படுத்தல் என்பது, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் இயங்கிய டிராப்கேம் என்னும் வீட்டுக் கண்காணிப்புக் கேமரா நிறுவனத்தை, கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் நிறுவனம் 2014 ஜூன் மாதம் 55.5 கோடி டாலருக்கு வாங்கிய நிகழ்வாகும். அன்றைய மாற்று மதிப்பில் இது ஏறத்தாழ 3,300 கோடி ரூபாய். பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் வீட்டுக் கேமரா நிறுவனங்களை விலைக்கு வாங்கும் போக்கு இதன் பின்னர் வேகம் பிடித்தது. இப்படி வாங்கப்பட்ட ஒரு பொருள், அதைக் காசு கொடுத்து வாங்கிய வீட்டாரின் கையில் பிறகு என்ன ஆகிறது என்பதைத் தொடக்கம் முதல் இறுதி வரை காட்டும் நிகழ்வும் இதுவே.

தோற்றம்

கிரெக் டஃபி, ஆமிர் விரானி என்னும் இரு மென்பொருள் பொறியாளர்கள் 2009இல் டிராப்கேமைத் தொடங்கினர். தொடக்கக் கதை சற்று வேடிக்கையானது. தன் வீட்டுப் புல்தரையில் யாருடைய நாய் அசுத்தம் செய்துவிட்டுப் போகிறது என்று கண்டுபிடிக்க டஃபியின் தந்தை விரும்பினார். அன்று சந்தையில் கிடைத்த இணையக் கேமராக்களை நிறுவுவது சாதாரண வீட்டாருக்கு எளிதாக இல்லை. வெளியூரிலிருந்து படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ரவுட்டரின் அமைப்புகளை மாற்ற வேண்டும். இணைய முகவரி மாறும்போதெல்லாம் அந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

டிராப்கேம் இந்தச் சிக்கலைத் தலைகீழாக்கித் தீர்த்தது. வெளியிலிருந்து யாரும் கேமராவைத் தேடி வர வேண்டியதில்லை. கேமராவே வீட்டு வைஃபை வழியாக நிறுவனத்தின் சர்வரைத் தொடர்பு கொண்டு படத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர் கைபேசியில் அந்த சர்வரைப் பார்த்தால் போதும். நேரலையைப் பார்க்கக் கட்டணம் இல்லை. பழைய பதிவுகளைப் பார்க்க மட்டும் சந்தா கட்ட வேண்டும்: 7 நாள் பதிவுக்கு மாதம் 9.95 டாலர், 30 நாள் பதிவுக்கு 29.95 டாலர். 2012இல் வந்த கேமராவின் விலை 149 டாலர். அதைவிட, மாதந்தோறும் வந்த சந்தாவே முதலீட்டாளர்களை ஈர்த்தது. யூடியூபில் ஒரு நிமிடத்தில் ஏற்றப்படுவதைவிட அதிகமான காணொளி தங்கள் சர்வர்களுக்கு வருகிறது என்று 2013இல் நிறுவனம் கூறியது. யாரும் பார்க்காத காணொளியே அதில் பெரும்பகுதி என்பது வேறு விஷயம்.

பதிவு இருக்கும் இடம்

கூகுள் இவ்வளவு தொகை கொடுத்தது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, கேமரா எடுக்கும் பதிவு எங்கே தங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு வீடுகளிலும் கடைகளிலும் வழக்கமாக இருப்பது நான்கு கேமராவும் ஒரு டிவிஆர் பெட்டியும். பெட்டிக்குள் ஒரு ஹார்டு டிஸ்க். பரணிலோ கல்லாவுக்குக் கீழோ அது இருக்கும். பதிவு முழுவதும் அதற்குள் இருப்பதால், பெட்டி போனால் பதிவும் போயிற்று.

திருவண்ணாமலை இதைக் கண்கூடாகக் கண்டது. 2023 பிப்ரவரி 12 அதிகாலை, திருவண்ணாமலை நகரிலும் போளூர், கலசப்பாக்கம் பகுதிகளிலும் நான்கு ஏ.டி.எம். இயந்திரங்களைக் காஸ் கட்டரால் வெட்டிய கும்பல் 72 லட்சம் ரூபாய்க்கும் மேல் கொள்ளையடித்தது. போகும்போது மையங்களுக்குத் தீ வைத்துவிட்டுப் போயிற்று. கைரேகையுடன் கேமரா பதிவும் அழிய வேண்டும் என்பதே அந்தத் தீயின் நோக்கம். பின்னர் வேறு இடங்களில் இருந்த கேமராப் பதிவுகளும் சேர்ந்தே தனிப்படைக் காவலர்களை அரியானா வரை கொண்டு சென்றன. திருடன் நிற்கும் அறையிலேயே அவனைப் பற்றிய சாட்சியும் இருந்தால் அது எரிந்துவிடும். சாட்சி வேறு ஊரில் இருந்தால் எரியாது. டிராப்கேம் விற்றது இந்த இரண்டாவது ஏற்பாட்டைத்தான்.

இதற்கு ஒரு விலை உண்டு. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு கேமரா இடைவிடாமல் படம் அனுப்பினால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 10.8 ஜிபி, மாதத்துக்கு 324 ஜிபி ஆகும். நான்கு கேமராவுக்கு 1,300 ஜிபி. இந்திய வீடுகளில் முழுநேர மேகப் பதிவு பரவாமல், அசைவு தெரியும்போது மட்டும் சிறு துண்டுகளை அனுப்பும் கேமராக்களும் மெமரி கார்டு கேமராக்களும் பரவியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் எனலாம். இன்னொரு விலை, வீட்டுக்குள் எடுத்த படம் வீட்டை விட்டு வெளியேறி ஒரு நிறுவனத்தின் காவலில் இருப்பது. அந்த நிறுவனம் கைமாறினால் காவலும் கைமாறும்.

நெஸ்டும் கூகுளும்

ஐபாட் உருவாக்கத்தில் பங்காற்றிய டோனி ஃபடெலும் மேட் ராஜர்ஸும் நிறுவியது நெஸ்ட். வீட்டின் வெப்பநிலையைத் தானே சீராக்கும் கருவி, புகை எச்சரிக்கைக் கருவி ஆகியவை அதன் பொருள்கள். 2014 ஜனவரியில் அதை வாங்குவதாக அறிவித்த கூகுள், 320 கோடி டாலர் கொடுத்தது. ஐந்து மாதங்களில் டிராப்கேமும் வந்து சேர்ந்தது. வீட்டில் ஆள் இருக்கிறாரா என்று வெப்பநிலைக் கருவி ஊகிக்கும். கேமரா நேரடியாகவே பார்க்கும். விளம்பரத்தால் பிழைக்கும் கூகுளிடம் இவை இரண்டும் சேர்வதைக் கண்டு பயனர்கள் கலங்கியதில் வியப்பில்லை. வாடிக்கையாளரின் அனுமதி இல்லாமல் தரவு கூகுள் உட்பட யாருக்கும் தரப்படாது என்று ராஜர்ஸ் உறுதியளித்தார்.

உள்ளே நிலைமை சுமுகமாக இல்லை. டஃபி 2015 தொடக்கத்தில் வெளியேறி சாம்சங்கில் சேர்ந்தார். ஏறத்தாழ நூறு பேர் இருந்த டிராப்கேம் குழுவில் பாதிப்பேர் விலகினர். அவர்களில் பலர் எதிர்பார்த்த தரத்தில் இல்லை என்று ஃபடெல் 2016இல் கூற, நெஸ்டுக்கு நிறுவனத்தை விற்றதே தவறு என்று டஃபி வெளிப்படையாகப் பதிலளித்தார். அதே ஆண்டு ஜூனில் ஃபடெலும் விலகினார்.

இதற்கிடையே 2015இல் கூகுள் தன்னை ஆல்ஃபபெட் என்ற தாய் நிறுவனத்தின் கீழ் மாற்றி அமைத்தது. நெஸ்ட் தனி நிறுவனமாகப் பிரிந்தது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை அப்போது கூகுளின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். அவர் காலத்தில், 2018 பிப்ரவரியில், நெஸ்ட் மீண்டும் கூகுளுக்குள் இணைக்கப்பட்டது. 2019இல் 'கூகுள் நெஸ்ட்' என்ற பெயர் வந்தது. தனியாக இருந்த நெஸ்ட் கணக்குகளைக் கூகுள் கணக்குகளுக்கு மாற்றிக்கொள்ளும்படி பயனர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். 2014இல் கொடுத்த வாக்கு சொல்லளவில் மீறப்படவில்லை, அனுமதி கேட்கப்பட்டது. ஆனால் இடையில் இருப்பதாகச் சொன்ன சுவர் ஐந்து ஆண்டுகூட நிற்கவில்லை.

சேவை நிறுத்தம்

டிராப்கேம் என்ற பெயரில் புதிய கேமராக்கள் வருவது 2015 ஜூனில் நெஸ்ட் கேம் வெளியானதோடு முடிந்தது. வீடுகளில் இருந்த பழைய கேமராக்கள் தொடர்ந்து இயங்கின. 2023 ஏப்ரலில் கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: 2024 ஏப்ரல் 8 முதல் டிராப்கேம் கேமராக்களுக்கான சேவை நிறுத்தப்படும், அதற்குள் வேண்டிய பதிவுகளைப் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் சந்தா கட்டி வந்தவர்களுக்கு ஒரு புதிய கேமரா இலவசமாகவும், மற்றவர்களுக்குப் பாதி விலையிலும் தர முன்வந்தது.

நிறுத்தப்பட்ட நாளில் கேமராவின் லென்ஸில் பழுது ஏதும் இல்லை. மின்சாரமும் வைஃபையும் அப்படியே இருந்தன. பேச வேண்டிய சர்வர் மட்டும் எதிர்முனையில் இல்லை. டிராப்கேமில் மெமரி கார்டு செருக இடம் இல்லாததால் அது தனியாக எதையும் பதிவு செய்ய முடியாது. பத்தாண்டு பழைய டிவிஆர் பெட்டி படம் மங்கலாக இருந்தாலும் பரணில் ஓடிக்கொண்டிருக்கும். தயாரித்த நிறுவனம் மூடப்பட்டாலும் அதற்குத் தெரியாது.

ரிங்

டிராப்கேமுக்குப் பின் நடந்தவற்றுள் முக்கியமானது ரிங் கையகப்படுத்தல். ஜேமி சிமினாஃப் உருவாக்கிய இந்த அழைப்புமணிக் கேமராவை 2018இல் அமேசான் 80 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. சில மாதங்களுக்கு முன்புதான் அது பிளிங்க் என்ற மற்றொரு கேமரா நிறுவனத்தை வாங்கியிருந்தது. அமேசானின் தேவை வேறு: வாசலில் வைத்துவிட்டுப் போகும் பார்சல்கள் அமெரிக்காவில் திருடு போய்க்கொண்டிருந்தன.

பதிவு பிறர் காவலில் இருப்பதன் பொருள் என்ன என்பது ரிங் வழக்கில் வெளிப்பட்டது. வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட காணொளிகளை ஊழியர்களும் ஒப்பந்தப் பணியாளர்களும் பார்க்க முடிந்தது என்றும், ஓர் ஊழியர் பெண்களின் படுக்கையறை, குளியலறைப் பதிவுகள் ஆயிரக்கணக்கானவற்றை மாதக்கணக்கில் பார்த்தார் என்றும் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. அந்த ஊழியரின் செயல் நடந்தது 2017இல், அதாவது அமேசான் வாங்குவதற்கு முன். ஆனால் 2023இல் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டபோது ரிங் அமேசானின் நிறுவனம். வாங்குபவர் பழைய பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறார்.

இந்தியாவில்

வீட்டுத் தேவைக்காகத் தனிநபர் கையாளும் தரவுக்கு 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. வாசலில் கேமரா வைத்த வீட்டுக்காரருக்கு இது விலக்கு. அந்தப் பதிவைத் தன் சர்வரில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அல்ல. இணையத்துடன் இணையும் சிசிடிவி கேமராக்கள் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் சோதிக்கப்பட வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அந்தச் சோதனை கேமராவுக்குள் வெளியார் ஊடுருவ முடியுமா என்பதைப் பற்றியது. விற்றவர் எத்தனை ஆண்டுகள் சர்வரை நடத்துவார் என்பது அதன் வேலை அன்று.

பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடப்பவர் பூட்டிய வீட்டின் வாசலைக் கைபேசியில் பார்த்துக்கொள்வது இன்று புதுமையல்ல. திருவண்ணாமலை போன்ற ஊரில் வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர், நீண்ட நாள் தங்க வரும் வாடகைதாரர் என வீடுகள் கைமாறிக்கொண்டே இருக்கும். சுவரில் இருக்கும் கேமராவோ அதை முதலில் பதிவு செய்தவரின் கணக்கிலேயே நிற்கும். புதிதாகக் குடிவருபவர் சாவியைப் பெறுவதோடு, பழைய கணக்கிலிருந்து கேமராவை நீக்கச் சொல்லி, கருவியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்துத் தன் கணக்கில் சேர்க்க வேண்டும். பதிவு சர்வரை மட்டும் நம்பியிருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு: மெமரி கார்டைச் செருகி, ரவுட்டரைச் சிறிது நேரம் அணைத்துவிட்டு, பிறகு அந்த நேரத்துப் படம் கார்டில் இருக்கிறதா என்று பார்ப்பது.