தம்பூராவைச் சுருதி சேர்த்தல்

வடபுலத்தில் வாழும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் தம்பூரா உறையிட்டபடியே மூலையில் நிற்பதை நாம் காண்கிறோம். சுருதி சேர்க்கத் தெரிந்தவர் அருகில் இல்லை என்பதே காரணம். கைபேசியில் ஒலிக்கும் சுருதி பாட்டுக்குப் போதும். ஆனால், தானே சேர்த்துப் பழகும் குழந்தையின் செவி பெறும் கூர்மை அதனால் வாராது.

முதலில் பாடுவோர் குரலுக்கேற்ற கட்டையை நிச்சயிக்க வேண்டும். பெண்களுக்குப் பெரும்பாலும் 5 கட்டையை ஒட்டியும், ஆண்களுக்கு 1 கட்டையை ஒட்டியும் அமையும். கம்பிகள் 4. மீட்டும் வரிசையில் அவை பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். ஆயினும், சேர்க்கும்போது சாரணியிலிருந்தே தொடங்குவது எளிது. சுருதிப்பெட்டியின் ஷட்ஜத்தோடு அதனை இணைத்து, அனுசாரணியை அதற்கு ஒப்பாக்குக. இரண்டும் சற்றே வேறுபட்டால் ஒலி அலைபோல் ஏறி இறங்கும். அவ்வலை அடங்கும் இடமே சரியான இடம். பிறகு மந்தரத்தைக் கீழ் ஷட்ஜத்திலும், பஞ்சமத்தைக் கீழ்ப் பஞ்சமத்திலும் நிறுத்துக.

பிருடையை உள்நோக்கி அழுத்தியவாறே சிறிது சிறிதாகத் திருகுதல் வேண்டும். நுண்ணிய குறையை மணிகளை நகர்த்தித் தீர்க்கலாம். இறுதியில், குதிரையின்மேல் கம்பிக்கடியில் உள்ள ஜீவா நூலை மெல்ல நகர்த்தினால் ஓரிடத்தில் நாதம் விரியும்.

தில்லிக் கோடையில் மரம் உலர்ந்து பிருடை நழுவும். மழைக்காலத்தில் ஊறி இறுகும். ஆதலின், நாள்தோறும் சேர்த்தே பாடவேண்டும். அப்பொறுப்பைக் குழந்தைகளிடமே விடுவோம். மந்தரக் கம்பியிலிருந்து அந்தர காந்தாரம் தானே எழுவதை அவர்கள் கேட்டுச் சொல்லும் நாளில், செவி பழுத்துவிட்டது என நாம் அறியலாம்.